சிறுவர் மூளையிற் குருதிக்குழாய் அழற்சி: நோயை இனங்காணும் முறை

பாலமுனையில் ஒரு வீடு. விடியுமுன் கரைவலைக்குச் சென்ற தந்தை இன்னும் திரும்பவில்லை. பள்ளிக்குப் புறப்படும் ஒன்பது வயதுப் பையனின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுகின்றது. குனிந்து அதனை எடுக்க முயல்கின்றான். வலக்கை சொற்கேளாது தொங்குகின்றது. வாய் ஒரு புறம் கோணுகின்றது. இரண்டு கிழமையாகத் தலையிடி தலையிடி என்று அவன் சொல்லிவந்தது உம்மாவுக்கு அப்பொழுதுதான் நினைவுக்கு வருகின்றது. அயலவர் கூடுகின்றனர். "கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பார்க்க வேண்டும்" என்கின்றார் ஒருவர். "வாதமோ? அது வயதாளிகளுக்கு வருவதல்லவா? பச்சைப் பிள்ளைக்கு ஏன் வரப்போகின்றது?" என்கின்றார் மற்றொருவர்.

இது கற்பித்துக்கொண்ட வீடே. எனினும், இத்தகைய காலைப்பொழுது இக்கரையின் எந்த ஊரிலும் நேரக்கூடும். பிள்ளைகளுக்கும் பாரிசவாதம் வருவதுண்டு. முதியவரிடத்தில் அதற்குப் பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தமும், நீரிழிவும், குழாய்களிற் படியும் கொழுப்பும் காரணமாகின்றன. ஒன்பது வயதுப் பையனிடத்தில் இவை இருப்பது அரிது. ஆதலின் வைத்தியர் வேறிடங்களிற் காரணம் தேட வேண்டியவராகின்றார். அவ்வாறு தேடும் காரணங்களுள் முக்கியமான ஒன்றுதான் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்களின் சுவர் அழற்சியுறுதல்.

அழற்சி என்பது யாது? காலில் முள் தைத்த இடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி, நோவதை எல்லோரும் கண்டிருப்பர். பகையை எதிர்க்க உடல் தன் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்களை அவ்விடத்துக்கு அனுப்புவதன் விளைவே அது. அதே வீக்கம் ஒரு குருதிக் குழாயின் சுவரில் உண்டானால் சுவர் தடித்து உள்நோக்கிப் பருக்கின்றது, வழி ஒடுங்குகின்றது. வாய்க்காலின் கரை உள்ளே சரிந்தால் மடையடி வயலுக்கு நீர் பாய்ந்தாலும் கடைவயல் காய்ந்து போவதை உழவர் அறிவர். மூளையிலும் அவ்வாறே நிகழ்கின்றது. வளர்ந்த மனிதரின் உடல் நிறையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும், உடல் செலவிடும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கை அது எடுத்துக்கொள்கின்றது. வளரும் பிள்ளையின் மூளைக்கு வேண்டுவது இன்னும் அதிகம். குருதி எட்டாத மூளைப்பகுதி சில நிமிடங்களிலேயே வாடத் தொடங்கிவிடும்.

வேறெந்த உறுப்பையும் தொடாது மூளையின் குழாய்களை மட்டும் பற்றும் அழற்சி நெடுங்காலம் மருத்துவ நூல்களில் ஓர் அபூர்வக் குறிப்பாகவே இருந்தது. நோர்வே நாட்டு அறிஞர் ஹார்பிட்ஸ் 1922இல் இதனை விவரித்தார். கிரவியோட்டோ, ஃபைகின் ஆகிய இருவரும் 1959இல் இதனைத் தனியொரு நோயாக வகுத்துரைத்தனர். அக்காலத்தில் நோயாளி இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தே நோயின் பெயரை அறிய முடிந்தது. அங்ஙனம் அறிந்த பெயரால் நோயாளிக்கு விளைந்த நன்மை ஒன்றுமில்லை. 1988இல் கலப்ரீஸ், மல்லெக் என்னும் வைத்தியர்கள் உயிருள்ள நோயாளியிடத்தில் இந்நோயைத் தீர்மானிப்பதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தனர். வேறு காரணம் கூறவியலாத நரம்புக் குறைபாடு புதிதாகத் தோன்றியிருத்தல் வேண்டும்; குழாய்களின் படமோ மூளையிழையத் துணுக்கோ அழற்சியைக் காட்டுதல் வேண்டும்; அதே தோற்றத்தைத் தரக்கூடிய வேறு நோய் இல்லையென்று உறுதிப்படுதல் வேண்டும். இம்மூன்றாவது நிபந்தனையே கடினமானது. ஏனைய இரண்டையும் கருவிகள் காட்டிவிடும். மூன்றாவதற்கு வைத்தியரின் பொறுமையும் பெற்றோரின் ஒளியாத பேச்சும் வேண்டும்.

சிறுவரிடத்தில் இந்நோயைப் பற்றிய தெளிவு மிக அண்மையில் வந்ததே. கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலையில் சூசன் பென்ஸ்லரும் அவரது துணைவர்களும் 62 பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை அதற்குப் பெரிதும் உதவிற்று. அவர்கள் கண்ட பிள்ளைகளில் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் தலையிடி இருந்தது. தலையிடி என்னும் பிள்ளையைப் பள்ளிக்குக் கள்ளமிடுகின்றான் என்று அதட்டுவது இந்நாட்டு வழக்கம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், முன்பு தலையிடியே அறியாத பிள்ளைக்கு அது புதிதாகத் தோன்றி, நாளுக்கு நாள் கூடி, வாந்தியோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்து வருமாயின், அதனைக் கள்ளமென்று தள்ளுதல் தகாது.

இந்நோய் இரண்டு கோலங்களில் வருகின்றது. பெரிய, நடுத்தரக் குழாய்களைப் பற்றினால் மேலே கண்ட பையனைப் போலத் திடீரென ஒரு பக்கம் தளரும், பேச்சுக் குழறும். இதனை எவரும் காணாதிருக்க முடியாது. மிகச் சிறிய குழாய்களைப் பற்றும் வகையோ மெல்ல மெல்ல வருவது. கணக்கில் முன்னின்ற பிள்ளை கூட்டற் கணக்கிலே தடுமாறுகின்றாள். கொப்பியிலுள்ள எழுத்து கோடு விட்டிறங்குகின்றது. அமைதியானவள் சினங்கொள்கின்றாள், கலகலப்பானவள் மூலையிற் குந்துகின்றாள். ஒருநாள் வலிப்பு வருகின்றது. இத்தகைய மாற்றத்தை முதலிற் காண்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரே. வீட்டார் நாள்தோறும் பார்ப்பதனால் அவர்களுக்கு மாற்றம் புலப்படுவதில்லை. ஆசிரியரிடத்திலோ சென்ற தவணையின் கொப்பி சான்றாக இருக்கின்றது. அந்தக் கொப்பியைப் பெற்றோரின் கையிற் கொடுத்து, வைத்தியரிடம் காட்டச் சொல்லுதல் ஆசிரியர் செய்யக்கூடிய உதவி. பிரம்பை எடுப்பது மிக எளிது; அதனால் நோய் மறையாது, பிள்ளை நோயை மறைக்கத்தான் பழகும்.

இனி, இந்நோயின் வேடம் பூண்டு வரும் பிற நோய்களைக் காணலாம். அவற்றுள் தலையாயது, இலங்கையும் தமிழ்நாடும் நெடுங்காலம் அறிந்த பகைவனாகிய சயரோகம். நெஞ்சைப் பற்றும் சயரோகத்தை எல்லோரும் அறிவர். அதே கிருமி குருதி வழியாக மூளையுறையை அடைந்தால், மூளையின் அடிப்புறத்திற் பசை போன்ற தடித்த கசிவு படர்கின்றது. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருங்குழாய்கள் அப்பசையினூடாகவே செல்ல வேண்டியிருத்தலால் அவற்றின் சுவர் அழன்று ஒடுங்கி, ஈற்றில் அடைபடுகின்றது. படத்திற் பார்த்தால் கிருமியில்லாத அழற்சியும் கிருமியால் வந்த இவ்வழற்சியும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். வைத்தியமோ நேர்மாறானது. முன்னதற்கு உடலின் காவற்படையை அடக்கும் ஸ்டெரொயிட் மருந்து வேண்டும். பின்னதில் கிருமியைக் கொல்லும் மருந்தின்றிக் காவற்படையை மட்டும் அடக்கினால், கள்வன் உள்ளேயிருக்கக் காவலனைக் கட்டிப்போட்டது போலாகும்.

தமிழ்ப் பிள்ளைகளிடத்தில் இந்நோயை முறையாக ஆராய்ந்த ஓர் அரிய முயற்சி சென்னையில் நடைபெற்றது. 1956இல் அங்கு நிறுவப்பட்ட சயரோக மருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தவாறே மருந்துண்டு சயரோகத்தைக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குக் காட்டியதனாற் புகழ்பெற்றது. அந்நிலையத்தார் பின்னர் எழும்பூர்ச் சிறுவர் நல நிலையத்தோடு சேர்ந்து, மூளையுறைச் சயரோகம் கண்ட ஒரு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான 180 பிள்ளைகளுக்கு மூன்று வகையான மருந்து முறைகளைக் கொடுத்துப் பார்த்தனர். அதன் முடிவுகள் 1986இல் வெளியாயின. நூற்றுக்கு 27 பேர் இறந்தனர். 39 பேர் பிழைத்தும் ஏதேனும் ஒரு நரம்புக் குறையோடு வாழ நேர்ந்தது. முற்றாகக் குணமடைந்தோர் 34 பேரே. பிள்ளை எந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது என்பதோடு அதன் பிழைப்பு நெருங்கிய தொடர்புடையது என்பதையும் அவர்கள் கண்டனர். தலையிடியும் காய்ச்சலும் மட்டுமிருக்கும்போது வந்த பிள்ளைக்கும், நினைவு தப்பியபின் வந்த பிள்ளைக்கும் உள்ள தூரம் சில நாட்களே. அந்தச் சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது.

ஆகவே பாலமுனைப் பையனைக் காணும் வைத்தியர், வீட்டில் எவருக்கேனும் நெடுநாள் இருமல் உண்டா என்று வினவுவார். இக்கேள்விக்கு நேரான விடை கிடைப்பது எளிதன்று. மூத்தப்பாவுக்குச் சயரோகம் என்று வெளியே தெரிந்தால் வீட்டிலுள்ள குமர்களின் கலியாணம் தடைப்படும் என்ற அச்சம் இவ்வூர்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. வைத்தியரிடம் சொன்னது ஊருக்குச் சொன்னதாகாது. இலங்கையிற் பிள்ளை பிறந்தவுடனேயே பி.சி.ஜி. ஊசி போடப்படுகின்றது, மூளையுறைச் சயரோகத்திலிருந்து சிறுபிள்ளைகளைக் காப்பதே அதன் பெரும்பயன். ஆயினும், தோளில் தழும்பு இருப்பதனால் மட்டும் நோய் வராதென்று எவரும் உறுதி கூறுவதில்லை.

கொப்புளிப்பான் வந்ததா என்பது அடுத்த கேள்வி. அது தோலிற் காய்ந்து மறைந்தபின் அதன் வைரசு நரம்புகளில் ஒளிந்திருந்து, சிலவேளைகளிற் சில கிழமைகளோ மாதங்களோ கழித்து மூளைக் குழாயைப் பற்றுவதுண்டு. ஆறு மாதத்துக்கு முன்பு வந்து போன கொப்புளிப்பானை எந்தத் தாயும் இன்றைய கைத்தளர்ச்சியோடு சேர்த்து எண்ணமாட்டார். கேட்டாலன்றிச் சொல்லவும் மாட்டார். மூன்றாவதாக, வைத்தியர் இரு மணிக்கட்டுகளிலும் நாடி பார்ப்பார். இரு கைகளிலும் இரத்த அழுத்தம் அளப்பார். 1908இல் தக்கயாசு என்னும் ஜப்பானியக் கண்வைத்தியர் ஓர் இளம் பெண்ணின் விழித்திரையிற் கண்ட குழாய் மாற்றத்தினால் அவர் பெயர் பெற்ற நோயொன்றுண்டு. நெஞ்சிலிருந்து புறப்படும் பெருநாடியும் அதன் கிளைகளும் அழன்று, கையில் நாடித்துடிப்பே இல்லாது போதல் அதன் அடையாளம். ஆசிய நாட்டு இளம் பெண்களிடத்தில் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி இரண்டு விரல்களால் இதற்குத் துப்புக் கிடைத்துவிடும். இவையன்றி, இருதயக் குறையினால் அங்கே உறைந்த குருதிக்கட்டி மூளைக்கு ஏறுதல், கழுத்தில் அடிபட்டுக் குழாயின் உட்சுவர் கிழிதல், லூப்பசு என்னும் உடல்முழு நோய் முதலியனவும் விலக்கப்படல் வேண்டும்.

குருதிப் பரிசோதனை ஏராளமாகச் செய்யப்படும். அதில் அழற்சியின் அளவு உயர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும். ஆனால், இங்கே ஒரு பொறி உண்டு. அழற்சி மூளைக்குழாயோடு நின்றுவிடும்போது கையிலெடுத்த குருதி முற்றிலும் சுத்தமாக இருக்கலாம். "இரத்தத்தில் ஒன்றும் இல்லையாம்" என்று பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை அறிதல் வேண்டும்.

அடுத்து வருவது முதுகில் ஊசி. தாயின் மறுப்பு இவ்விடத்திற்றான் எழுகின்றது. "டொக்டர், என்ன மருந்து வேண்டுமானாலும் தாருங்கள், முதுகிலே மட்டும் ஊசி போடவேண்டாம். பிள்ளை நடக்காமற் போய்விடுவான்" என்று தாய் அழுவதும், கையொப்பமிடாது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்வதும் உண்டு. இவ்வச்சம் அறியாமை என்று எள்ளற்குரியதன்று. முள்ளந்தண்டினுள் நரம்புத்தண்டு உண்டென்பதை அறிந்தமையாலேயே அச்சம் பிறக்கின்றது. அத்தாய் அறியாதது, அந்நரம்புத்தண்டு முதுகு முழுவதும் நீண்டு செல்வதில்லை என்பதே. ஒன்பது வயதுப் பிள்ளையில் அது இடுப்பு முள்ளெலும்புகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே நீரும் அந்நீரில் மிதக்கும் நரம்பிழைகளுமே உள்ளன. ஊசி செல்வது அந்தக் கீழிடத்தில். நீர்த்தொட்டியில் மிதக்கும் நூல்கள் ஊசிக்கு விலகிக்கொடுப்பது போல அவ்விழைகள் விலகிக்கொள்கின்றன. 1891இல் ஜேர்மனியரான குவிங்கே இம்முறையை விளக்கினார்; அன்றுதொட்டு உலகெங்கும் கைக்குழந்தைகளுக்குங்கூட இது செய்யப்பட்டு வருகின்றது. பின்னர் ஓரிரு நாள் தலையிடி இருக்கலாம். மூளையினுள் வீக்கமோ கட்டியோ இருக்கும் ஐயம் தோன்றினால், முதலிற் படமெடுத்துப் பார்த்த பின்னரே ஊசி போடப்படும். ஒரு பக்கம் தளர்ந்த பாலமுனைப் பையனுக்கும் முறை அதுவே.

மூளைய முண்ணாண் பாய்பொருள் எனப் பாடநூல்கள் கூறும் அந்த நீரில் சில துளிகள் எவ்வளவோ செய்தி சொல்லும். சயரோகமாயின் வெண்கலங்கள் பெருகி, புரதம் உயர்ந்து, வெல்லம் குறைந்திருக்கும். கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டுபிடிப்பது அரிது. அதன் மரபுப்பொருளைத் தேடும் புதிய சோதனைகளும் எப்போதும் அகப்படுத்துவதில்லை. கொப்புளிப்பான் வைரசின் தடயத்தையும் இந்நீரிலேயே தேடலாம். கிருமியின் சுவடு இல்லாது கலங்களும் புரதமும் மட்டும் சிறிது உயர்ந்திருப்பின், தனித்த அழற்சியின் பக்கம் தராசு சாயும். பெருங்குழாய் அழற்சியில் இந்நீருங்கூடத் தெளிவாக இருப்பதுண்டு. எந்த ஒரு சோதனையும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது. பல சாட்சிகளின் வாக்குமூலத்தையும் கேட்கும் நீதவான் போலவே வைத்தியர் இருக்கவேண்டியவர்.

பின்னர் காந்தப் பரிவுப் படம். எக்ஸ் கதிரின்றி, வலிய காந்தப் புலத்தினுள் பிள்ளையைக் கிடத்தி எடுக்கப்படும் இப்படம், குருதி எட்டாத மூளைப்பகுதியையும் குழாய்களின் ஒடுக்கத்தையும் காட்டுகின்றது. நுணுக்கமாகக் காணவேண்டுமாயின், தொடையிடுக்கிலுள்ள குழாய் வழியாக மெல்லிய கம்பிக்குழலைச் செலுத்தி, நிறமூட்டும் மருந்தை விட்டுப் படமெடுப்பர். மூளைக் குழாய்களை இவ்வாறு எக்ஸ் கதிரிற் புலப்படுத்தும் முறையை 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மொனிஸ் என்பவர் தொடக்கினார். அவர் அன்று மருந்தைக் கழுத்து நாடியிற் செலுத்தினார். எனினும், படம் காட்டுவது ஒடுக்கத்தையே, ஒடுங்கிய காரணத்தையன்று. மிகச் சிறிய குழாய்களில் நோய் இருந்தால் படம் அதனைக் காட்டவே காட்டாது. அந்நிலையில், மண்டையோட்டிற் சிறு துளையிட்டு மூளையுறையிலிருந்தும் அதனடியிலுள்ள மூளையிலிருந்தும் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது தவிர வேறு வழியில்லை. கேட்டவுடன் நெஞ்சு பதறும் செய்திதான். எனினும், மாதக்கணக்கில் உடலை வருத்தும் மருந்துகளை ஊகத்தின் பேரிற் கொடுப்பதைவிடத் துணுக்கைப் பார்த்து உறுதி செய்தல் நன்றென அனுபவமிக்க வைத்தியர் பலர் கருதுகின்றனர்.

முடிவு வரும்வரை வைத்தியர் கைகட்டி இருப்பதில்லை. ஐயம் வலுவாயின் சயரோக மருந்தையும் வைரசு மருந்தையும் உடனே தொடக்குவர். சாட்சியங்கள் வரவர வேண்டாதவற்றை நிறுத்துவர். சயரோகம் உறுதியானால் அதற்குரிய மருந்துகளோடு சேர்த்து ஸ்டெரொயிட்டும் கொடுப்பதுண்டு. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட மூளையுறைச் சயரோக நோயாளரில் அவ்வாறு செய்வது இறப்பைக் குறைக்கும் என்பதை 2004இல் வியட்நாமில் நடந்த ஆய்வு காட்டிற்று. மருந்தொன்று தனித்து வந்தால் நஞ்சாகவும், துணையோடு வந்தால் அமுதமாகவும் இருப்பது வியப்பே. தனித்த அழற்சியென உறுதியானால் ஸ்டெரொயிட்டு முதன்மையாகும். நோய் பரவிச் செல்லும் வகையாயின் அதனோடு வலிய வேறு மருந்துகளும் சேர்த்து நெடுநாள் கொடுக்கப்படும்.

பாலமுனைப் பையனின் வழி இவ்வூர் வைத்தியசாலையிற் தொடங்கும். அங்கிருந்து அக்கரைப்பற்று, அல்லது கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. பின்பு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. தேவையாயின் கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வாகனம் இல்லாதோர் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்சு வரும். பிள்ளை கடைசியாக எப்பொழுது நலமாக இருந்தான் என்பதை மணி குறித்துச் சொல்லுதல், ஊசிகள் பதிந்த சுகாதாரப் பதிவேட்டை மறவாது கொண்டுசெல்லுதல், பரியாரி கொடுத்த குளிகைகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுதல் ஆகிய இவை பெற்றோரின் பங்கு. தளர்ந்த பிள்ளையின் வாயிற் கஞ்சியோ எண்ணெயோ ஊற்றுதல் ஆகாது. அது நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை அடைத்துவிடும். ஓதிப் பார்க்க விரும்புவோர் வண்டியில் இருந்தவாறே ஓதலாம். அதற்காக வண்டி காத்து நிற்க வேண்டியதில்லை.

சில மாதங்களின் பின் பையன் பள்ளிக்குத் திரும்பும்போது, ஸ்டெரொயிட்டின் விளைவால் முகம் பூரண சந்திரன் போல் உப்பியிருக்கும், பசி மிகும், நோய்கள் எளிதில் தொற்றும். வகுப்பில் எவருக்கேனும் கொப்புளிப்பானோ சின்னமுத்தோ கண்டால் அன்றே அவனுடைய வீட்டுக்கு அறிவித்தல் வேண்டும். எந்தத் தடுப்பூசியும் வைத்தியரைக் கேட்டே போடப்படல் வேண்டும். வலக்கை இன்னும் தேறாதிருந்தால் இடக்கையால் எழுதப் பழகுவான். சோதனையில் அவனுக்குச் சிறிது கூடுதல் நேரம் தேவைப்படும். மருந்தின் அளவு குறையக் குறைய முகத்தின் உப்பல் வடிந்து பழைய முகம் தெரியும். அதுவரை, பின்வாங்கிலிருந்து அவனைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் பையன்களுக்கு, அது மருந்தின் வீக்கமென்று முதல் நாளே சொல்லி வைத்தால் போதும்.